தாட்சாயிணி பேரில் தொழில்வரி

காலையில் எழுந்து கிணற்றடியில் பல் தேய்ப்பேன். அடுப்பில் கரி போட்டு வெந்நீர் வைப்பேன். காப்பித்தூள் கிடைத்தால் காப்பி. கிடைக்காத நாளில் வெந்நீரில் வெல்லம். முத்தம்மாள் வந்து வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவாள். கோலம் போடுவதில்லை. ஜன்னலைத் திறப்பேன். சாய்வுப் பலகையில் அட்டையைக் குத்துவேன். தூரிகையை நாக்கில் வைத்து முனை சேர்ப்பேன். மைப் புட்டியைத் திறந்து வைப்பேன். பூந்தமல்லி ரோடு வீட்டுக்கு மிக அருகில். ஆவடிக்குப் போகும் மிலிடரி லாரி ஏதாவது கடந்தால் புட்டிக்குள் மை நடுங்கும். நடுக்கம் நிற்கும்வரை காத்திருந்துவிட்டு வரைய ஆரம்பிப்பேன்.

படத்தின் கீழே, வலது மூலையில் ஒரு விரல் நீளம் இடம் விடுவேன். அது கையெழுத்துக்கு.

கையெழுத்து என்னுடையது அல்ல. என் மனைவி தாட்சாயிணியுடையது. போன கார்த்திகையில் அவள் இறந்துவிட்டாள். இடம் விடுவதை நான் நிறுத்தவில்லை.

நான் பி.ஏ. முடித்து ஹைஸ்கூலில் வாத்தியாராக இருந்தவன். வேறு வருமானம் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சேரும்போதே எழுதி வாங்கிக்கொண்டார்கள். பத்திரிகைக் கதைகளுக்குப் படம் வரையத் தொடங்கியபோது ஜெயராமன் என்ற பெயரைப் போட முடியவில்லை. அவள் பேரைப் போட்டேன். இதில் புதுமை ஒன்றும் இல்லை. பட்டணத்தில் கதை எழுதும் ஆண்களில் பாதிப் பேர் பெண்டாட்டி பேரில்தான் எழுதுகிறார்கள்.

அப்புறம் பள்ளிக்கூட வேலையை விட்டேன். வீட்டிலிருந்தே வரைந்து பிழைக்கலாம் என்று ஆயிற்று. ஆனால் பேரை மாற்ற வழியில்லை. பூந்தமல்லியிலிருந்து ஒரு குடும்பப் பெண் இத்தனை அழகாகப் படம் போட்டு அனுப்புகிறாள் என்று பத்திரிகை ஆசிரியர் அதற்குள் அச்சிலேயே பாராட்டிவிட்டார். மணியார்டரும் அவள் பேருக்குத்தான் வரும். போஸ்ட்மேன் துலுக்கானம் நீட்டும் தாளில் அவள்தான் கையெழுத்துப் போடுவாள். படத்தில் உள்ள கையெழுத்தையும் மணியார்டர் கையெழுத்தையும் பத்திரிகை ஆபீசில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். யாரும் ஒப்பிடவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு படத்திலும் தானே கையெழுத்துப் போட்டாள்.

படம் முடிந்ததும் கூப்பிடுவேன். அடுப்படியிலிருந்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வருவாள். சரியாகத் துடைத்திருக்க மாட்டாள். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழும். அட்டை அந்த இடத்தில் உப்பிக்கொள்ளும். நான் வெள்ளை வர்ணம் பூசி மறைப்பேன். திட்டினால் சிரிப்பாள்.

"உங்க கதாநாயகி அழுதுட்டான்னு நினைச்சுக்குங்க."

வரி அந்தக் கையெழுத்தால் வந்தது. பஞ்சாயத்து போர்டு பிரசிடென்ட் வீட்டில் பத்திரிகை வாங்குகிறார்கள். அடுத்த அரை வருஷத்துக்கே டிமாண்டு நோட்டீஸ் வந்துவிட்டது. தாட்சாயிணி அம்மாள், சித்திரத் தொழில், இன்ன தொகை. கொண்டுவந்தவர் பில் கலெக்டர் கோதண்டம். காக்கிச் சட்டை, தோளில் பை, வாய் நிறைய வெற்றிலை.

"பொம்பளைக்குத் தொழில்வரி போட்டது நம்ம போர்டுல இதான் பஸ்ட்டு ஸார்" என்றார், ஏதோ பரிசு கொண்டுவந்தவர் போல. "ஊட்ல குந்திகினு சம்பாதிக்கிறவங்களும் கட்டணும்னு சட்டம் கீது. நான் இன்னா பண்ண?"

அப்பீல் எழுதுகிறேன் என்று நான் பேனாவை எடுத்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வரைவது நான் என்றால் வரி என் தலையில் விழும். விஷயம் ஆசிரியர் காதுக்கும் போகும். அவள் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து பணம் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"எழுதுங்க கோதண்டம். என் பேரை முழுசா எழுதுங்க. சீமெண்ணெய் கார்டுல ஜெயராமன் சம்சாரம்னு போட்டுட்டாங்க. எனக்குப் பேரே இல்லாத மாதிரி."

"முழுசாத்தான் எழுதுவேன், இன்னாம்மா நீ. கவர்மெண்டுக்குத் துட்டு கட்டற ஆளு பேரைக் கொறைக்க முடியுமா?"

ரசீதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். கம்பியில் குத்தி மாட்டினாள். "இந்தத் தெருவுல வரி கட்டற பொம்பளை நான் ஒருத்திதான், தெரியுமா?" என்றாள். அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்ஷூரன்ஸ் அந்த ரசீதால் வந்தது. எத்திராஜ் அவளுடைய பெரியப்பா மகன். அம்பத்தூரிலிருந்து சைக்கிளில் வருவான். ஒரு கம்பெனியின் ஏஜென்டு. என் பேரில் ஒரு பாலிசி ஏற்கெனவே எடுக்கவைத்திருந்தான். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவன் கம்பியில் இருந்த ரசீதைப் பார்த்துவிட்டு நின்றான்.

"மச்சான், இது நிஜமா?"

"நிஜம்தான்."

"பொம்பளை உசிருன்னா கம்பெனி பயப்படும். பிரசவம், அது இதுன்னு ஆயிரம் கேள்வி கேக்கும். சொந்த சம்பாத்தியம் இருக்கற பொம்பளைன்னா கேள்வியில்லாம எடுத்துக்கும். அதுக்கு அத்தாட்சி கேக்கும். வரி ரசீதை விடவா அத்தாட்சி வேணும்?"

"நான் செத்தா இவருக்குப் பணம் வருமா அண்ணாத்தே?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். "அப்போ இவரு என்னை ரொம்ப நல்லா பாத்துக்குவாரே."

"வாயை மூடு தாட்சா. முதல் பிரீமியமே இன்னும் கட்டல."

பட்டணத்துக்குப் போய் லேடி டாக்டரிடம் பரிசோதனை ஆயிற்று. யுத்தக் காலத்துக் கரி கேஸ் பஸ்ஸில் திரும்பி வரும்போது என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். என்ன வரைவீர்கள் என்று டாக்டர் கேட்டாளாம்.

"நீ என்ன சொன்னே?"

"ஓரமா கொஞ்சம் வரைவேன்னு சொன்னேன். பொய் இல்லையே?"

பாலிசி வந்தது. தொழில் என்ற இடத்தில் சித்திரக்காரர் என்று இருந்தது. வாரிசு என்ற இடத்தில் என் பேர்.

ஐப்பசி மழையில் அவளுக்கு ஜுரம் வந்தது. டைபாய்டு என்றார்கள். கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். கார்த்திகையில் போய்விட்டாள். எத்திராஜும் நானும் இன்னும் சிலரும் தூக்கிக்கொண்டு போனோம். மழை விட்டிருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு எத்திராஜ் ஒரு பாரத்தோடு வந்தான். கிளெய்ம் பாரம். பலகை மேல் வைத்தான். அவன் நிரப்ப வேண்டியதை நிரப்பியிருந்தான். மிச்சம் நான் நிரப்ப வேண்டியது.

"உட்காந்து எழுதிடு மச்சான். ஆயிரம் ரூபா. ஒரு வருஷம் எந்தப் பத்திரிகைக்காரனையும் எதிர்பாக்காம இருக்கலாம்."

"எழுதறேன்."

பலகையில் பொங்கல் மலருக்கான படம் இருந்தது. ஒரு பெண் கிணற்றில் வாளியை இறக்குகிறாள். எத்திராஜ் அதையே பார்த்தான். பிறகு மூலையில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தான்.

"இது எந்தப் பேர்ல வரும்?"

"அவ பேர்லதான்."

"நல்லா இருக்கு. பாரத்துல என்ன எழுதப் போறே? சித்திரக்காரர், கார்த்திகையில காலமானாங்க. தை மாசம் புத்தகத்துல புதுப் படம் வரும், கீழே அவங்க பேரு இருக்கும். கம்பெனி மேனேஜர் பொண்டாட்டியும் அந்தப் புத்தகம் படிப்பா மச்சான். செத்தவ எப்படிய்யா படம் போட்டான்னு கேப்பாங்க. அப்போ உசிரோட இருந்தப்ப போட்டது யாருன்னு கேப்பாங்க. பணமும் வராது, என் லைசென்ஸும் போயிடும்."

நான் தூரிகையைத் துணியில் துடைத்தேன்.

"ஆசிரியருக்கு எழுது, அவ போயிட்டான்னு. இனிமே உன் பேர்ல வரை. போர்டுல சொல்லி வரியில பேரை அடிச்சுடு. பாரத்தைக் குடு. எல்லா எடத்துலயும் ஒரே வார்த்தைதான் மச்சான். ஒரே வார்த்தை எழுதறதுக்கு பி.ஏ. படிச்சவனுக்கு இவ்வளவு நாளா?"

நான் எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து பணத்தை எடுத்து வந்தேன். அவன் முன்னால் வைத்தேன்.

"என்னது இது?"

"பிரீமியம். இந்த மாசம் தவணை வருது."

"யாருக்கு?"

"அவளுக்கு."

எத்திராஜ் பணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிக்க வாயைத் திறந்து, சிரிப்பு வராமல் நின்றான்.

"செத்தவங்களுக்குப் பிரீமியம் கட்டற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றான். பிறகு குரல் மாறியது. "அவளை இடுப்புல வெச்சுக்கினு சுத்தினவன் நான். நீ கட்டிக்கினது நாலு வருஷம் முந்தி. இந்தப் பாரத்துல என் பங்கு எழுதறப்ப எனக்கு மட்டும் இனிச்சுதா?"

பணத்தைத் தொடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். பாரம் பலகையில் கிடந்தது. மூலைகள் பறக்காமல் இருக்க மைப் புட்டியை அதன் மேல் வைத்தேன்.

கிணற்றடிப் பெண் படத்தைக் கையெழுத்து இல்லாமல் அனுப்பினேன். அவள் கையெழுத்தை நான் போட முயன்றதுண்டு. யார் முகத்தையும் ஒரு முறை பார்த்து வரைந்துவிடுவேன். அந்தக் கையெழுத்து என் விரலில் வரவில்லை. போட்டால் படமாகத் தெரிந்தது, கையெழுத்தாகத் தெரியவில்லை. வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு ஆசிரியரே விசாரித்து எழுதட்டும், அப்போது பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

தை பிறந்து மலர் வந்தது. போஸ்ட்மேன் துலுக்கானம் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனார். வாசலில் நின்றபடியே பிரித்தேன். பெண் வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். வலது மூலையில் கையெழுத்து இருந்தது.

அவளுடையதேதான். கடைசி எழுத்தில் கை கொஞ்சம் அவசரமாகத் தூக்கும். அந்த அவசரம் அப்படியே இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. முத்தம்மாள் துடைப்பத்தோடு வந்து, "இன்னா நைனா, வெயில்ல நிக்கறே" என்றபோது உள்ளே வந்தேன். பிறகுதான் யோசிக்க முடிந்தது. அச்சகத்தில் அவள் கையெழுத்துக்குத் தனியாக ஒரு துத்தநாக அச்சுப் பிளாக் செய்து வைத்திருப்பார்கள். தலைப்புக்குப் பக்கத்தில் போடுவதற்காக. படத்தில் இல்லாததைப் பார்த்து, மறந்துவிட்டாள் போல என்று எடுத்து வைத்து அடித்திருப்பார்கள். விளங்கிவிட்டது. ஆனாலும் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

அந்தப் படத்துக்கான மணியார்டரும் வந்தது. துலுக்கானம் பையிலிருந்து எடுக்கவில்லை. வாசலில் நின்று, "வாத்யாரே, நான் இன்னா எழுதட்டும் இதுல?" என்றார். "ரூல்படி பார்த்தா ஆளு காலமாயாச்சுன்னு எழுதித் திருப்பணும். உங்களைக் கேக்காம எழுத மனசு வரல. பையிலயே வெச்சுக்கினு அலையறேன்."

"கொஞ்ச நாள் வைங்க" என்றேன்.

ஒரு காலை அட்டையைக் குத்தும்போது அதன் கீழ் மூலை உப்பியிருந்தது. முந்தின நாள் வாங்கிய அட்டை. தண்ணீர் சொட்டி, உலர்ந்த மாதிரி. நிமிர்ந்து ஓட்டுக் கூரையைப் பார்த்தேன். பனி இறங்கியிருக்கலாம். ஈரத்தில் வைத்திருந்திருப்பான் கடைக்காரன். வேறு அட்டை இருந்தது. அதை எடுக்கவில்லை. உப்பிய மூலையை வலது பக்கமாக வைத்துக் குத்தினேன்.

எத்திராஜிடமிருந்து கார்டு வந்தது. கம்பெனி காத்திருக்காது, தாமதமானால் சந்தேகப்படும், மாசி முடிவதற்குள் பாரம் வேண்டும். அடியில், உனக்கு நானும் ஒரு மச்சான்தான், பகையாளி இல்லை என்று எழுதியிருந்தான். பாரத்தின் மேலிருந்து புட்டியை எடுத்தேன். அதன் அடி வட்டமாகக் கறை பிடித்திருந்தது. இறந்த தேதி, இறப்பின் காரணம், எங்கே, யார் முன்னிலையில். எல்லாவற்றுக்கும் பதில் தெரியும். பேனாவை மையில் தோய்த்தேன். மை உலர்ந்தது. மறுபடி தோய்த்தேன்.

கோதண்டம் அந்த நேரத்தில்தான் வந்தார்.

வெற்றிலையை வாசலில் துப்பிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார். அவர் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"அம்மாவை எடுக்கறப்போ நானும் பின்னாடி வந்தேன் ஸார். நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

"பார்க்கலை."

"அரை வருசத்து வரி நிலுவை நிக்குது. ஐப்பசில வந்தேன், நீங்க அப்புறம் வரச் சொன்னீங்க. இப்போ கேக்கறதுக்கு எனக்கே ஒரு மாதிரியா கீது." பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பாரத்தின் பக்கத்தில் வைத்தார். "ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துடுங்க. இந்த நிலுவையையும் தள்ளிடுவாங்க, ரிஜிஸ்டர்லயும் பேரை அடிச்சுடுவாங்க. சாவுக் கணக்கு வேற குமாஸ்தா, வரிக் கணக்கு வேற குமாஸ்தா. நீங்களா எழுதினாதான் இவன் அவனைக் கேப்பான். இல்லாட்டி நோட்டீஸ் வந்துகினேதான் இருக்கும்."

பலகை மேல் இரண்டு தாள்கள் அருகருகே கிடந்தன. இரண்டிலும் அதே வார்த்தையைத்தான் எழுத வேண்டும். துலுக்கானத்தின் பையில் மூன்றாவது. ஆசிரியருக்கு நான்காவது. ஒன்றை எழுதினால் மற்றவை தாமாக நடந்துவிடும் என்று தோன்றியது. அதன் பிறகு அவள் பேர் இருக்கும் இடம் சீமெண்ணெய் கார்டு ஒன்றுதான். அதிலும் அவள் பேர் இல்லை.

உள்ளே போய், எத்திராஜ் தொடாத பணத்திலிருந்து எடுத்து வந்து கோதண்டத்திடம் நீட்டினேன்.

"இன்னா ஸார் இது?"

"வரி."

"விளையாடாதீங்க ஸார்." கையை நீட்டவில்லை. "ரசீது கிழிக்கணும். இருக்கறவங்க பேர்லதான் கிழிக்க முடியும். நாளைக்கி ஆடிட்டுல எவனாச்சும் கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க. அம்மா கீறாங்களா, இல்லியா?"

ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றன் பின் ஒன்றாக, ஆவடிப் பக்கம். புட்டிக்குள் மை நடுங்கியது. நிற்கும்வரை காத்திருந்தேன்.

"இருக்காங்க" என்றேன்.

கோதண்டம் என்னைப் பார்த்தார். என் தோளுக்குப் பின்னால், உள் கட்டின் இருட்டைப் பார்த்தார். பிறகு அங்கே பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். உட்கார்ந்து, தொடை மேல் ரசீதுப் புத்தகத்தை வைத்து எழுதினார்.

"பேரை முழுசா எழுதுங்க."

"முழுசாத்தான் எழுதறேன்" என்றார் மெதுவாக. எழுத நேரம் எடுத்துக்கொண்டார். கிழித்து, ஊதி உலர்த்தி, என் கையில் கொடுத்தார். வெள்ளைத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "அடுத்த அரை வருசமும் வருவேன் ஸார்" என்றார்.

"வாங்க."

ரசீதைக் கம்பியில் குத்தினேன். பழைய ரசீது ஓரங்களில் பழுத்திருந்தது. கிளெய்ம் பாரத்தை, ஒன்றும் நிரப்பாமல், எத்திராஜ் விலாசம் எழுதி உறையில் போட்டேன். ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வந்து கத்துவான். கத்தட்டும். அவனுக்கு உரிமை உண்டு. பிறகு பலகையின் முன் உட்கார்ந்து மீதிப் படத்தை வரைந்தேன். மூலையில் இடம் விட்டேன்.

போன ஐப்பசியில் கோதண்டம் வரி கேட்டு வந்த நாள் நல்ல மழை. குடையை மடக்கியபடி, "அம்மா கீறாங்களா?" என்று உரக்கக் கேட்டார். அவள் உள்ளே படுத்திருந்தாள். இரவெல்லாம் தூங்காமல் அப்போதுதான் கண் மூடியிருந்தாள். அவர் நின்று பேசுவார், அவள் எழுந்துவிடுவாள் என்று, "அம்மா இல்லைங்க, அம்பத்தூர் போயிருக்காங்க, அப்புறம் வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். திரும்பி உள்ளே வந்தபோது அவள் கண் திறந்திருந்தது.

அன்று சாயங்காலம் ஜுரம் தலைக்கு ஏறியது. அதன் பிறகும் நிறையப் பேசினாள். யாரோடோ பேசினாள், அம்மாவோடு, சின்ன வயதுத் தோழிகளோடு. என்னோடு பேசவில்லை. ஆகவே அவள் கடைசியாகப் பேசியது என்று நான் சொல்லக்கூடியது, நான் திரும்பி வந்தபோது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

"ஏங்க, இல்லைன்னு ஏன் சொன்னீங்க? உள்ளதானே இருக்கேன்."